மச்சான் பிடிக்கும் கயிறு

சிவாஜினியைச் சென்ற கிழமைக் கதையில் ஆஸ்பத்திரி வாசலில், கையில் மருந்துத் துண்டுடன் விட்டுவிட்டு வந்திருந்தோம். அவளுக்கு அதற்குப் பிறகு பதினெட்டு நாட்கள் ஓடிவிட்டன. அவள் புருசன் பிரகலாதன் வீட்டுக்கு வந்துவிட்டான். கடற்படை முகாமில் உள்ள அழுத்த அறைக்குள் ஏழு நாள் வைத்து எடுத்ததில் பேச்சு திரும்பியது, மூச்சு திரும்பியது. இடது கால் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. நடந்தால் கூடவே வருகிறது. ஆனால் எதை மிதித்தது என்று அவனிடம் சொல்வதில்லை.

நடந்தது இவ்வளவுதான். பிரகலாதன் கடலட்டைக்கு இறங்குகிற சுழியோடி. முதுகில் சிலிண்டரும் இடுப்பில் ஒரு கயிறுமாக இறங்குவான். கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் ஒருவன் பிடித்திருப்பான். அந்த ஒருவன் யார் என்பதில் திருகோணமலைத் திருக்கடலூரில் பேச்சுக்கே இடமில்லை. மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். மச்சான் என்றால் சகோதரியின் தாலியை நினைத்தாவது கண்ணை அங்கே இங்கே எடுக்கமாட்டான் என்பது, சங்கு குளித்த காலத்திலிருந்து வருகிற நம்பிக்கை.

பிரகலாதனுக்கு ஒன்பது வருடமாகக் கயிறு பிடித்தவன் சிவாஜினியின் தம்பி சிவரூபன். அன்றைக்கும் அவன்தான் பிடித்தான். ஒரே இடத்தில் பதினொரு வள்ளங்கள் நின்றன. கீழே இருபது பேருக்கு மேல். எல்லோருடைய மூச்சுக் குமிழிகளும் ஒன்றாகக் கலந்து, உலை கொதிப்பதைப் போல மேலே வந்தன. அதில் அத்தானின் குமிழி எது என்று சிவரூபனுக்குத் தெரியாமல் போய்விட்டது. அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்தது. இழுத்துவிட்டான். நடுவில் எங்கும் நிறுத்தாமல், ஒரே இழுவையாக.

கீழே பிரகலாதனுக்கு ஒன்றும் நடந்திருக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தான். அந்த இழுவைதான் கெடுத்தது. ஆழத்திலிருந்து ஆளை மெல்ல மெல்லத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் இரத்தத்துக்குள்ளேயே காற்று குமிழி குமிழியாகப் பிரியும் என்று டொக்டர் ஒரு கடதாசியில் படம் போட்டுக் காட்டினார்.

சிவரூபன் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. பிரகலாதனும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்றைய நாள் காலை ஐந்தரைக்குத் தொடங்கியது.

சிவாஜினி குசினியில் பிளேன்டி ஊற்றிக்கொண்டிருந்தாள். பின்புறம் கிணற்றடியில் யாரோ தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். புருசனின் தம்பி தனுசன். இருபத்துமூன்று வயது. பிரகலாதன் முகத்தில் மாட்டுகிற கண்ணாடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்ன, விடியக்காலமையே கண்ணாடி கழுவுறாய்?"

"அண்ணி, நாளைக்கு நான் இறங்குறன்."

"எங்க?"

"அண்ணா இறங்கின இடத்திலதான். குணரத்தினம் சம்மாட்டி சொல்லிட்டார். அஞ்சு மணிக்கு அவரின்ர வள்ளம் வெளிக்கிடுது."

சிவாஜினி கோப்பையில் சீனியைப் போட்டுக் கலக்கினாள். இந்த இடத்தில் தனக்கு ஏதாவது வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கோபமோ, அழுகையோ, ஒரு சத்தமாவது. காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. சீனி கரைந்துவிட்டதா என்று பார்த்தாள். கரைந்திருந்தது.

"நீ இதுவரைக்கும் பத்துப் பாகத்துக்குக் கீழ போனதில்லை," என்றாள்.

"பத்தில இப்ப என்ன கிடக்கு, அண்ணி? மணல் கிடக்கு."

அது உண்மைதான். அவள் கலியாணம் கட்டி வந்த வருடம் பிரகலாதன் நாலு பாகத்தில் அட்டை பொறுக்கினான். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஆறடி. மூன்று வருடத்தில் அது பத்தானது. பிறகு பதினைந்து. இப்போது இருபத்துநாலு. ஆழம் கூடக்கூடக் கயிறு போதாமல் போகும். சந்தைக்குப் போய் ஒரு துண்டு வாங்கி முடிந்துகொள்வார்கள். கடையில் அன்றைக்கு என்ன நிறம் இருந்ததோ அந்த நிறம். முதலில் பச்சை, பிறகு நீலம், பிறகு செம்மஞ்சள். அந்தக் கயிற்றை விரித்துப் போட்டால் ஒன்பது வருடத்தையும் முடிச்சு முடிச்சாகப் படிக்கலாம்.

"கயிறு ஆர் பிடிக்கிறது?"

தனுசன் சிரித்தான். "அதுதானே பிரச்சினை. கலியாணம் கட்டினாத்தான் மச்சான் வருவான். கடையில வாங்கேலாது."

"அப்ப ஒருத்தியைக் கட்டு."

"கட்டலாம், கட்டலாம்."

தேவைக்கு மேலே சிரித்தான். சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

"கப்பல்துறையோ?" என்று கேட்டாள் சிவாஜினி. கப்பல்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து ரவுணில் ஒரு போன் கடையில் வேலை செய்கிற அனுஷியா என்ற பிள்ளையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தெரியும். ஒருமுறை போனுக்கு றீலோட் போடப் போனபோது அந்தப் பிள்ளை காசு வாங்க மறந்து, 'தனுசன்ட அண்ணியோ' என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது.

"சும்மா போங்கோ, அண்ணி."

உள்ளறையிலிருந்து பிரகலாதனின் குரல் வந்தது.

"கயிறு நான் பிடிக்கிறன்."

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடது காலை ஒரு பொதியைத் தூக்கி வைப்பதுபோல முன்னால் எடுத்து வைத்தான்.

"அண்ணா, நீங்களோ?"

"கால்தானே இல்லை. கயிறு பிடிக்கக் கால் எதுக்கு? மச்சான்மார் பிடிச்ச லட்சணத்தைப் பாத்தாச்சு. சொந்த அண்ணன் பிடிச்சா ஒண்டும் குறைஞ்சு போகாது."

சிவாஜினி தேத்தண்ணியை நீட்டினாள். அவன் கோப்பையை வாங்கும்போது இரண்டு கையாலும் வாங்கினான். வெளிநாட்டுக்காரன் மாதிரி மரியாதையாக வாங்குகிறான் என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று. அவ்வளவுதான். ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

தனுசனை மறிக்க முடியாது. சரி, கயிறாவது நம்பிக்கையான கையில் இருக்கும். பஸ்ஸில் நின்றபடி அவள் இதை நாலைந்து தடவை தனக்குச் சொல்லிக்கொண்டாள். கச்சான் காற்று ஜன்னலால் சூடாக அடித்தது. ரவுண் எல்லையில் ஒரு மான் குப்பைத் தொட்டியில் தலையை விட்டு அட்டைப்பெட்டி தின்றுகொண்டிருந்தது.

அவள் சமைக்கிற விடுதி உப்புவெளியில், கடலிலிருந்து இரண்டாவது வரிசையில் இருக்கிறது. எட்டு அறை. நடத்துகிறவள் பஹ்மியா. பஹ்மியாவிடம் ஒரு பழக்கம் உண்டு. மீன்காரன் கூடையை இறக்கியதும் ஒவ்வொரு மீனின் மேலும் தன் கையை விரித்து வைப்பாள். கையைவிடச் சின்னது திரும்பிப் போகும். முட்டை வைத்த சிங்க இறால் திரும்பிப் போகும்.

"உங்கட கை சின்னன் எண்டபடியால் எனக்கு உசிர் தப்பினது," என்பான் மீன்காரன்.

"எண்ட கை வளராது. உண்ட மீன்தான் வரவரச் சின்னனாகுது. ஒரு நாளைக்கு நெத்தலி அளவில கலவாய் கொண்டு வருவாய் நீ," என்றாள் பஹ்மியா. பிறகு சிவாஜினியைப் பார்த்தாள். "என்ன புள்ள, மூஞ்சி செத்துக் கிடக்கு? அவர் எப்படி இருக்கார்?"

"இருக்கிறார்."

"சாப்பிடுறாரா?"

"ஓம்."

"நீ?"

சிவாஜினிக்கு உடனே ஞாபகம் வரவில்லை. நேற்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்று யோசித்துப் பார்த்தாள். பஹ்மியா மேற்கொண்டு கேட்காமல் ஒரு துண்டு ரொட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.

பதினொரு மணிபோல, கொழும்பிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பெண் குசினி வாசலுக்கு வந்தாள். நல்ல பெண். மூன்று நாளாக ஆமை, பவளப்பாறை என்று படகில் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா, உங்களிட்ட ஒண்டு கேக்கலாமா? எந்த மீன் சாப்பிட்டாப் பாவம் இல்லை?"

சிவாஜினிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. பதில் தெரிந்த கேள்வி.

"சூடை சாப்பிடுங்கோ. கும்பளா சாப்பிடுங்கோ. அதுகள் கெதியாப் பெருகும். கலவாயை விடுங்கோ, அது பெரிசாக வருசக்கணக்கு எடுக்கும். கிளிமீனையும் விடுங்கோ, பாறையைத் துப்புரவாக்கிறதே அதுதான்."

"அப்ப எனக்குக் கும்பளா பொரிச்சுத் தாங்கோ."

அவ்வளவு இலகுவாக முடிந்தது. மீனைக் கீறி மிளகாயும் உப்பும் தடவிக்கொண்டே சிவாஜினி யோசித்தாள். மீனைத் தின்கிறவள் இந்த வாசலில் நிற்கிறாள். அவளிடம் சொல்லலாம், அவள் கேட்பாள். அட்டையைத் தின்கிறவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள். திருகோணமலையில் அதை ஒரு நாய்கூடத் தின்னாது. அவித்து, புகைபோட்டு, காயவைத்தால் கறுத்த விறகுத் துண்டு மாதிரி ஆகும். அதைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றுவார்கள். கடல் தாண்டி எந்த மேசையில் அது வைக்கப்படுகிறது, எந்தக் கலியாண வீட்டில், அவளுக்குத் தெரியாது. அந்த மேசையில் இருக்கிறவருக்கும் பிரகலாதனின் இடது காலைத் தெரியாது.

எண்ணெய் சூடாகியது. மீனைப் போட்டாள்.

நாலு மணிக்கு வீட்டுக்குத் திரும்பியபோது விறாந்தையில் ஈர்க்கு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது.

அது அவர்களின் மகள் லோஜினியின் விளையாட்டு. எட்டு வயது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற மிஸ், ஒவ்வொரு நாளும் பஞ்சாலும் ஊசியாலும் காலைத் தொட்டுப் பார்த்து எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று குறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். லோஜினி பஞ்சையும் ஊசியையும் விட்டுவிட்டு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி எடுத்துக்கொண்டாள். அப்பா கண்ணை மூட வேண்டும். இவள் ஒரு விரலைத் தொடுவாள். எந்த விரல் என்று அப்பா சொல்ல வேண்டும். கால் அலுத்துப் போனபின் கைக்கு வந்துவிட்டாள்.

"நடுவிரல்," என்றான் பிரகலாதன், பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்தபடி.

"சரி. இது?"

"சுட்டுவிரல்."

"சரி. இது?"

"பெருவிரல்."

"அம்மா!" லோஜினி தாயைக் கண்டதும் எழும்பினாள். "அப்பா களவு விளையாடுறார். கண்ணை முழுசா மூடுறேல்லை. கீழால பாத்துப் பாத்துச் சொல்றார்."

"பொய், பொய்," என்றான் பிரகலாதன் சிரித்தபடி.

"உண்மையா, அம்மா! நான் நேற்றைக்கு என்ர கையால அவரின்ர கண்ணைப் பொத்திப்போட்டு ஈர்க்கால குத்தினனான். இரத்தமே வந்தது. அவர் 'தொடு, தொடு' எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர்."

பிரகலாதனின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. எடுக்க மறந்த மாதிரி.

சிவாஜினி அவனுடைய வலது கையைப் பார்த்தாள். சுட்டுவிரல் நுனியில் காய்ந்துபோன ஒரு கறுத்த புள்ளி இருந்தது. கீழே இன்னும் இரண்டு. காலையில் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கியது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டதும்.

"லோஜி, போய் உடுப்பு மாத்து," என்றாள்.

பிள்ளை போனதும் அவன் பக்கத்தில் இருந்தாள்.

"எப்ப தொடக்கம்?"

"என்ன?"

"இஞ்சருங்கோ. எப்ப தொடக்கம்?"

அவன் வீதியைப் பார்த்தான். "அண்டைக்குத் தொடக்கம்தான். கால் பெரிய விசயமாப் போச்சு. கையை ஒருத்தரும் கேக்கேல்லை."

"நீங்கள் சொல்லேல்லை."

"சொன்னா? வள்ளத்தில கால் வைக்க விடுவாங்களோ?"

"அவன்ர உசிர் அந்தக் கயித்தில கிடக்கு."

"எனக்குத் தெரியாதோ? பத்து விரலும் சாகேல்லை, ஜினி. இடக்கையில இன்னும் கொஞ்சம் இருக்கு. நான் சமாளிப்பன்." குரலைத் தாழ்த்தினான். "அவனை மறிச்சுப் பாத்தனான். கேக்கிறானில்லை. போறது போறான். கயிறையாவது பிடிச்சுக்கொண்டு பக்கத்தில இருப்பம் எண்டு."

கீழே இருபத்துநாலு பாகத்திலிருந்து ஒருவன் இழுத்தால் மேலே வந்து சேரும்போது அது எறும்பு கடித்த அளவுதான் இருக்கும். அதனால்தான் பிடிக்கிறவன் கயிற்றை உள்ளங்கையில் பிடிப்பதில்லை. சுட்டுவிரல் நுனியில் ஏந்தி வைத்திருப்பான். ஒரு இழுப்பு என்றால் பை நிறைந்துவிட்டது. இரண்டு என்றால் நான் ஏறுகிறேன், மெல்ல எடு. மூன்று என்றால் ஆபத்து. சிவாஜினி கடலுக்குப் போனதில்லை. ஆனால் இதெல்லாம் அவளுக்குத் தெரியும். திருக்கடலூரில் சோறு வடிக்கத் தெரிந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

அவள் எழும்பிக் குசினிக்குள் போனாள். அரிசி களைந்தாள். புருசனின் விரல் செத்துப்போயிருக்கிறது என்று உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி இருந்தது.

அவனைக் காட்டிக் கொடுத்தால் அவனுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே வேலை போய்விடும். காட்டிக் கொடுக்காவிட்டால் தனுசன். நிறுத்துப் பார்க்கிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அரிசியை நாலாம் தரமும் களைந்தாள்.

ஆறு மணியாக இன்னும் கொஞ்சம் இருந்தது. வெயில் இறங்கியும் வெளிச்சம் போகவில்லை. வாசல் படலைக்கு வெளியே ஒரு மோட்டார்சைக்கிள் நின்றது. சிவரூபன். பதினெட்டு நாளில் இளைத்துப் போயிருந்தான். தோளில் கயிறு. பச்சை, நீலம், செம்மஞ்சள் சுருளாக.

"சம்மாட்டி குடுத்துவிட்டவர், அக்கா. அத்தான்ட்டக் குடுக்கச் சொல்லி," என்றான் படலையிலேயே நின்றுகொண்டு.

"உள்ளுக்கு வா."

"இல்லை, நான்..."

"உள்ளுக்கு வா எண்டனான்."

வந்தான். பிரகலாதனின் கதிரைக்கு முன்னால் கயிற்றை மெல்ல இறக்கி வைத்தான். பூசைச் சாமானை வைப்பதைப் போல வைத்தான். பிரகலாதன் கயிற்றைப் பார்த்தான். அவனைப் பார்க்கவில்லை. தனுசனும் கிணற்றடியிலிருந்து வந்து தலையைத் துவட்டியபடி நின்றான்.

மூன்று ஆம்பிளைகள், நடுவில் கயிறு.

சிவாஜினி சொன்னாள்: "லோஜி, அப்பா களவு விளையாடுறார் எண்டனியெல்லோ. இண்டைக்குச் சரியா விளையாடுவம். அலுமாரியில இருந்து ஒரு லேஞ்சி எடுத்துக்கொண்டு வா."

பிரகலாதன் தலையைத் தூக்கினான். அவன் கண்கள் அவள் முகத்தில் நின்றன. வேண்டாம் என்று அந்தக் கண்கள் சொல்லின. அவள் அதைப் படித்தாள். படித்துவிட்டு, பிள்ளை கொண்டுவந்த லேஞ்சித் துணியை வாங்கி அவன் கண்ணைச் சுற்றிக் கட்டினாள். பின்னால் இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"என்ன அண்ணி இது, சின்னப்பிள்ளை விளையாட்டு?" என்றான் தனுசன்.

"நாளைக்கு உன்ர உசிரை அண்ணாவின்ர கையில குடுக்கப்போறாய். ஒருக்கால் பழகிப் பாக்கிறதில என்ன? நுனியைப் பிடி. குசினிக்குள்ளால கிணத்தடிக்குப் போ. அங்க நிண்டு இழு. கீழ நிண்டு இழுக்கிற மாதிரி, மெல்ல."

தனுசன் சிரித்துக்கொண்டே போனான். விறாந்தையிலிருந்து குசினி வழியாகக் கயிறு ஓடியது. பச்சை முடிந்து நீலம் வாசற்படியில் ஏறியது. இரண்டு நிலைக்கதவுகளில் உரசி, செம்மஞ்சள் கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தது. சிவாஜினி நடுவில், குசினி வாசலில் நின்றாள். இங்கே பார்த்தால் புருசன். அங்கே பார்த்தால் அவன் தம்பி.

பிரகலாதன் வலது சுட்டுவிரல் நுனியில் கயிற்றை ஏந்தினான். ஒன்பது வருடம் கயிற்றின் கீழ்முனையில் இருந்தவன். மேல்முனையை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. முதுகை நேராக்கினான். முகத்தைக் கொஞ்சம் சரித்து, தூரத்தில் ஏதோ சத்தத்துக்குக் காது கொடுக்கிறவன் மாதிரி இருந்தான்.

கிணற்றடியில் தனுசன் ஒருமுறை இழுத்தான்.

வாசற்படியில் நீலக் கயிறு சற்றே இறுகித் தளர்ந்ததைச் சிவாஜினி கண்டாள். பிரகலாதனின் விரலில் கயிறு ஒரு நெல்லளவு அசைந்ததைச் சிவரூபன் கண்டான்.

பிரகலாதன் காத்திருந்தான்.

தனுசன் இரண்டுமுறை இழுத்தான். பிறகு மூன்று முறை. ஆபத்து. திரும்பவும் மூன்று முறை. கயிறு வாசற்படியில் இறுகியது, தளர்ந்தது, இறுகியது. லோஜினி வாயைப் பொத்திக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

"என்ன ஜினி," என்றான் பிரகலாதன். அவன் குரலில் பொறுமை இருந்தது. "இழுக்கச் சொல்லு அவனை. எவ்வளவு நேரம் நிக்கிறது?"

லோஜினி சத்தம் வராமல் விரல் மடித்து எண்ணினாள்.

தனுசன் குசினி வாசலுக்கு வந்து நின்றான். சிரிப்புப் போயிருந்தது. கயிற்றின் நுனி அவன் கையில் இருந்தது. அண்ணனைப் பார்த்தான். அண்ணன் இன்னும் காது கொடுத்துக்கொண்டு, விரலை ஏந்திக்கொண்டு இருந்தான்.

அந்த அமைதியிலேயே பிரகலாதனுக்கு விளங்கிவிட்டது. விரலைக் கீழே இறக்கினான்.

"எத்தினை தரம் இழுத்தவன்?" என்று கேட்டான்.

"ஒன்பது," என்றாள் லோஜினி.

அவன் தலையை ஆட்டினான். பின்னால் கையைக் கொண்டுபோய் லேஞ்சியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். விரல்கள் முடிச்சின் மேல் போய்வந்தன. முடிச்சு எது, துணி எது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. சிவாஜினி ஓர் அடி எடுத்து வைக்குமுன் சிவரூபன் கதிரைக்குப் பின்னால் போய்விட்டான். குனிந்து, பல்லால் கடித்து, முடிச்சை அவிழ்த்தான். பதினெட்டு நாளுக்குப் பிறகு அவன் அத்தானைத் தொட்டது அப்போதுதான்.

"உன்னில பிழை இல்லை, மச்சான்," என்றான் பிரகலாதன், முன்னால் பார்த்தபடியே. "பதினொரு வள்ளத்தின்ர குமிழிக்குள்ள கடவுளுக்கும் ஆளைத் தெரியாது."

சிவரூபன் லேஞ்சியைக் கையில் வைத்துக் கசக்கினான்.

"தனுசன், இஞ்ச வா." பிரகலாதன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். "அண்டைக்கு என்ர பையில எத்தினை கிடந்தது எண்டு தெரியுமோ? ஏழு. அரை மணித்தியாலம் தேடி ஏழு. ஒவ்வொண்டும் இந்த விரலளவு. முந்தி இப்பிடிச் சின்னதை நாங்கள் தொட்டதில்லை. கீழ ஒண்டும் இல்லையடா."

"ஒண்டும் இல்லாட்டி ஏன் பதினொரு வள்ளம் அங்க நிக்குது?"

"ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிக்குது."

தனுசன் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். முழங்கைக்கும் பெருவிரலுக்குமாகச் சுற்றினான். பச்சை, நீலம்.

"நாளைக்கு நான் வரமாட்டன்," என்றான் சிவரூபன். "சம்மாட்டியிட்டயும் சொல்லிப்போட்டன். இனி என்ர கை கயிறு பிடிக்காது."

"அப்ப கதை முடிஞ்சுது," என்றாள் சிவாஜினி. "அண்ணனாலயும் ஏலாது. இவனும் வரமாட்டானாம். உனக்கு மச்சான் இல்லை. மச்சான் இல்லாதவன் இறங்கிறேல்லை. உங்கட வழக்கம்தானே?"

தனுசன் சுருட்டிய கயிற்றைத் தோளில் மாட்டினான். படலையைப் பார்த்தபடி சொன்னான்:

"அனுஷியாவின்ர அண்ணன் வாறான், அண்ணி."

கொஞ்ச நேரம் அந்த வசனம் வெறும் வசனமாகத்தான் இருந்தது. அனுஷியா, போன் கடை. அவளுக்கு ஓர் அண்ணன். அவன் எதற்கு?

பிறகு அவளுக்கு விளங்கியது.

"எப்ப கலியாணம் எழுதினீங்கள்?"

"போன வியாழன். பதிவுதான். சடங்கு பிறகு, உங்களிட்டச் சொல்லிப்போட்டு..." அவன் காது சிவந்தது. "அண்ணா ஆஸ்பத்திரியால வந்த கையோட எப்பிடிச் சொல்றது எண்டு..."

சிவரூபன் லேஞ்சியை மடித்தான்.

"அவளின்ர அண்ணன் என்ன தொழில்?"

"ஆட்டோ ஓடுறான்."

"கடலுக்குப் போயிருக்கிறானோ?"

"வள்ளத்தில ஏறினதில்லை. ஆனா நல்லவன், அண்ணி. தங்கச்சியில உசிர்."

தங்கச்சியில் உயிர். சிவாஜினி தன் தம்பியைப் பார்த்தாள்.

"குமிழி பாப்பானோ?"

"சொல்லிக் குடுத்தனான். பின்னேரம் கடற்கரையில வைச்சு."

"எத்தினை பாகம் எண்டு அனுஷியாவுக்குத் தெரியுமோ?"

தனுசன் படலைப் பக்கம் நடந்தான். தோளில் சரியாகச் சுருட்டாத கயிற்றின் செம்மஞ்சள் நுனி பின்னால் நிலத்தில் இழுபட்டுக்கொண்டு போனது.

சிவாஜினி நடந்துபோய் அந்த நுனியின் மேல் வெறுங்காலை வைத்தாள்.

"அவளின்ர நம்பரைத் தந்துபோட்டுப் போ."

அவன் திரும்பாமல் நின்றான். கயிற்றை இழுத்துப் பார்த்தான். மெல்லத்தான். ஒருமுறை. பிறகு இன்னொருமுறை.

இரண்டும் அவளுக்குத் தெரிந்தது. பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் நன்றாகத் தெரிந்தது. அவள் காலை எடுக்கவில்லை.